ஆளுக்கு ஒன்று

பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. மலையில் குளிர் எப்படி? நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அந்த வரிக்குக் கை ஓடவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உன் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. கால் வீங்குகிறது, வாய் கசக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "நாள் பூரா நின்னுக்கிட்டே துணி வெட்டினா கால் வீங்காம என்ன செய்யும்?" என்று நான் பெரிய மேதாவி மாதிரிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் வெட்டுகிற மேஜைமேலேயே மயங்கி விழுந்துவிட்டாள். இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுகிறார்கள்.

ஒரு டாக்டரம்மா பார்க்கிறார். தலை முழுக்க நரை, பேச்சில் அவசரமே கிடையாது. நாங்கள் போனதும் மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை இழுத்து எங்கள் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படம் வரைந்து எல்லாம் சொன்னார். சொல்லி முடித்து, "இப்ப நான் சொன்னத உங்க வார்த்தையில எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது லிஃப்ட் ரிப்பேர் பாஷை ஒன்றுதானே. "ஃபில்டர் ரெண்டும் போயிடுச்சு. ரிப்பேர் பண்ண முடியாது. வெளி மிஷின் வச்சு ஓட்டலாம், ஆனா இழுத்துக்கிட்டேதான் இருக்கும். ஸ்பேர் போட்டா நல்லா ஓடும்" என்றேன். உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொன்னீங்க. ஒண்ண மட்டும் விட்டுட்டீங்க. நீங்க சொல்ற அந்த ஸ்பேர் இன்னொரு மனுஷனோட உடம்புல இருக்கு" என்றார்.

கூடப் பிறந்தவர்களுடையது பொருந்த நல்ல வாய்ப்பு உண்டாம். என் ரத்தம் வேறு குரூப், அதனால் நான் வரிசையிலேயே இல்லை. ஆனால் யாரையும் நெருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கொடுக்க வருகிறவருக்குத் தனியாக ஒரு டாக்டர். அவருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. வந்தவர் கடைசி நிமிஷத்தில் இஷ்டமில்லை என்று சொன்னாலும் எங்கள் காதுக்கு வருவது 'பொருந்தவில்லை' என்கிற ஒரே வார்த்தைதான். காரணம் டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். "நாளைக்கும் நீங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும் இல்லையா?" என்றார்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. செய்தி சொல்கிறேன், அவ்வளவுதான். போனில் சொல்லலாம் என்றால் உன் மலையில் சிக்னல் கிடையாது, மோட்டார் ரூம் இரைச்சலில் எனக்குப் பாதிக் காது கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

அக்கா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? நீங்கள் நேரத்துக்குத் தூங்குகிறீர்களா?

பதில் தாமதமானதற்கு நான் காரணமில்லை. உங்கள் கடிதம் வந்த லாரிக்குக் குறுக்கே வீடு அளவுக்கு ஒரு பாறை உருண்டு வந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி ஓடியே போனார். நான்தான் சுரங்கத்தில் துளைபோடும் மிஷினைக் கொண்டு போய், நாலு துண்டாக்கி, ஒற்றை ஆளாகப் பள்ளத்தில் தள்ளினேன். சமையல்காரர் பார்த்தார், ஃபோர்மேன் பார்த்தார், சர்வே எடுக்கிறவர் போட்டோகூட எடுத்தார். பாவம், அவர் போன் ஓடையில் விழுந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் மூன்று பேரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'கேட்கவில்லை, செய்தி சொல்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா, உங்களுக்கு நடிக்க வராது, விட்டுவிடுங்கள். ஒன்றென்ன, இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் எனக்குச் செய்ததற்கெல்லாம் நான் இதுவரை திருப்பிக் கொடுத்தது வெறும் கதைகள்தான். அவளுக்குக் கொடுக்க என்னிடமும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தால், இந்த நேரத்திலும் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் வருகிறது. அவளிடம் இதைச் சொல்லாதீர்கள், கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவாள்.

அடுத்த லாரியில் கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பரிசோதனையெல்லாம் அங்கேயே செய்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அக்காவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். நீங்களும்.

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 9

அன்பு மாப்ளே,

உன் கடிதத்தை டயாலிசிஸ் அறையில் வைத்துப் படித்துக் காட்டினேன். பாறைக் கதை வந்ததும், "புளுகுமூட்டை! மூணு சாட்சியோட வந்துட்டான் பாருங்க" என்று அவள் சிரித்த சிரிப்பில் மிஷின் கீகீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து, "கைய ஆட்டாம சிரிங்கம்மா" என்றார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

அவள் உன்னை நன்றாக யோசித்து முடிவு பண்ணச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நீ வந்தால் படுக்க உள்ளறையைக் காலி பண்ணி, சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

இருட்டறையில் விளக்கைப் போட்ட மாதிரி இருக்கிறது, மாப்ளே. நன்றாக இரு.

மாமா

*

ஏப்ரல் 4

மாமாவுக்கு,

நான் நலம். அக்கா எப்படி இருக்கிறாள்?

என்னால் கொடுக்க முடியாது. ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு கிட்னி. பிறக்கும்போதே ஒன்றுதானாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இருப்பது நன்றாக இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது என்றார் டாக்டர்.

அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு எழுத வரவில்லை.

இப்படிக்கு
உங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 18

மதிப்புக்குரிய தம்பி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி.

ஒரே ஒரு கிட்னி. சரி. நாற்பது வயது வரைக்கும் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியவருக்குத் திடீரென்று ஒன்று காணாமல் போய்விட்டது. இந்தத் தடவை சாட்சிகூட இல்லை, அதற்கும் சிரமப்படவில்லை நீங்கள்.

இஷ்டமில்லை என்றால் ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கலாம். அதற்குத்தானே ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்? 'பொருந்தவில்லை' என்று அங்கிருந்து வந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அதற்கு மேல் ஒரு கதை எதற்கு? எங்களை அவ்வளவு முட்டாள் என்றா நினைத்தீர்கள்?

அவளிடம் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. படுக்கையில் இருக்கிறவளுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு...

*

ஜூன் 6

டேய் தம்பி,

உயிரோடு இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. 'மலை சரிந்தது, நான்தான் தோளில் தாங்கினேன்' என்றாவது எழுதியிருக்கலாமே, நம்பியிருப்பேன்.

பொருந்தவில்லை என்று மாமா சொன்னார். அதற்காகவா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்? அடேய், பொருந்தாததற்கு நீ என்ன பண்ணுவாய்? உன் கடிதத்தைக் காட்டச் சொன்னேன். எங்கேயோ வைத்துவிட்டாராம். ஒரு சின்ன ஸ்க்ரூவைக்கூடத் தொலைக்காத மனுஷன் அவர். உன் பேரை எடுத்தால் உடனே ஏதாவது ஒரு பைப்பை முறுக்க எழுந்து போய்விடுகிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன?

என் உடம்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கையில் ஊசி போடுகிற ரத்தக் குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. மாமா எதிரில் சிரித்துவிட்டு, அவர் வேலைக்குப் போனதும் அழுவேன். ஒரு நாள் டாக்டரம்மா தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன், "நான் செத்துப் போயிடுவேனா டாக்டர்?"

"இப்ப இல்ல" என்றார். "இந்த மிஷின்ல வருஷக்கணக்கா நல்லா இருக்கிறவங்க நிறைய பேரு. ஆனா உங்க கைக் குழாய் தொந்தரவு பண்ணுது, அதனால உங்களுக்கு மிஷினையே நம்பி இருக்க முடியாது. சீக்கிரம் ஒரு கிட்னி வேணும். அதுக்குத்தான் அலைஞ்சுக்கிட்டிருக்கேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. என்ன நடந்தாலும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன், அது மட்டும் சத்தியம்."

கேட்டால் பயப்பட வேண்டிய பதில்தானே? அன்றைக்குத்தான்டா நான் பல மாதம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன். எல்லோரும் எதையோ மூடி மூடி வைக்கிற வீட்டில் ஒருத்தராவது திறந்து பேசினால் எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

நீயும் எழுது. எதையாவது எழுது.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கை இப்போது எப்படி இருக்கிறது?

சுரங்கத்துக்குள் ஊற்று வந்துவிட்டதால் வேலை கொஞ்சம் அதிகம். வேறு ஒன்றுமில்லை. மாமா சொன்னது சரிதான், பொருந்தவில்லை. எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் கிடையாது. அவர் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், அவரைப் போட்டுக் குடையாதே.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஜூலை 12

அன்பு மாப்ளே,

இப்படிக் கூப்பிட எனக்கு யோக்கியதை இருக்கிறதா, தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன். கோபம் தீரும் வரை திட்டிவிட்டு, பிறகு மேலே படி.

உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிப் போட்ட கையோடு நான் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்து, "அவன் வேணாம்னுதானே சொன்னான்? எனக்குத் தெரிஞ்சாகணும், சொல்லுங்க!" என்று கத்தினேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இப்ப கோபப்பட ஒரு ஆள் வேணும். அதுக்கு மலையில இருக்கிறவர் எதுக்கு? நான் இங்கதானே இருக்கேன், என்னைத் திட்டுங்க" என்றார். நானும் மானங்கெட்டுப் போய்த் திட்டினேன். ஆஸ்பத்திரியை, மிஷினை, அவரை, எல்லாவற்றையும். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "முடிஞ்சுதா? இப்ப வேற வழி இருக்கான்னு பாக்கலாமா?" என்றார்.

வழி இருந்தது. எங்களை மாதிரியே இன்னொரு வீடு. அங்கே கணவருக்குக் கிட்னி வேண்டும், மனைவி கொடுக்கத் தயார், ஆனால் குரூப் சேரவில்லை. அந்த அம்மாவுடையது உன் அக்காவுக்குச் சேரும், என்னுடையது அவருக்குச் சேரும். மாற்றிக்கொள்வது. நாலு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். நான் சட்டென்று தலையை ஆட்டிவிட்டேன். "இப்ப ஆட்ட வேணாம். முதல்ல உங்க டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

என் டாக்டர் சின்ன வயசுக்காரர். அறையில் நானும் அவரும் மட்டும். "நான் உங்க மனைவிக்கு டாக்டர் இல்ல. உங்களுக்கு மட்டும்தான். மனசுல வேணாம்னு ஒரு மூலையில தோணினாலும் எங்கிட்ட சொல்லுங்க. இந்தக் கதவைத் தாண்டிப் போகாது" என்றார்.

மாப்ளே, எத்தனை மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கி வேலை பார்த்தவன் நான்! அந்த நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். கட்டின பெண்டாட்டிக்காகக் கொடுக்கிறேன், அப்போதும் 'வேணாம்' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "பயமா இருக்கு சார்" என்றேன். "பயப்படறது வேற, வேணாம்ங்கிறது வேற. எதுக்கெல்லாம் பயம்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார். வேலைக்குத் திரும்ப முடியுமா, மிச்சம் இருக்கிற ஒன்றும் போனால் என்ன செய்வது, நான் மேஜையிலேயே போய்விட்டால் அவளை யார் பார்ப்பது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. வலிக்கும் என்றார். கொஞ்ச மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார். உயிருக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். கேட்கக் கேட்கக் கைப்பிடியை விட்டுவிட்டேன். வீட்டில் யோசித்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போய், சரி என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது உன் நினைப்புதான் வந்தது. நீயும் இப்படி ஒரு நாற்காலியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பாய். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாலும் அது உன் உடம்பு, உன் பயம். அதற்காக உன்னை வீட்டை விட்டுத் தள்ள நான் யார்? உனக்கு ஒன்றோ இரண்டோ, இனி நான் கேட்க மாட்டேன். எது உண்மையாக இருந்தாலும் நீ என் மாப்பிள்ளைதான். என்னை மன்னித்துவிடுடா.

ஜூலை 13

நேற்று இதுவரை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். உன் அக்கா படித்துவிட்டாள். நான் வந்ததும், "அவன் எழுதினதக் கொண்டாங்க" என்று கையை நீட்டினாள். ஏப்ரல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

"இவன் பொய் சொன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? பாறை வரும், லாரி வரும், பாக்கிறதுக்கு மூணு பேரு வருவாங்க. இதுல ஒரு ஈ காக்கா இல்ல. அஞ்சு வரியில முடிச்சிருக்கான். என் தம்பிக்கு ஒண்ணுதாங்க இருக்கு" என்றாள். அதற்கப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். டாக்டரம்மா கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருப்பீங்க. வெளியில உங்களுக்குன்னு யார் இருப்பாங்க? நான் வந்து வந்து சொல்லணும், சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்." உன் அக்காதான் சொன்னாள், "என் தம்பி இருப்பான்" என்று. உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள்.

வருவாயா?

மாமா

*

ஜூலை 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நலமோ நலம். கடிதத்தைப் பாறைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு மலையைப் பார்த்து, "ஒண்ணுதான் மாமா! சத்தியமா ஒண்ணுதான்!" என்று கத்தினேன். கீழே வேலை செய்கிறவர்கள் எனக்கு மலைக்காற்று சேராமல் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பார்த்தவர் வயசான டாக்டர். ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பி, "இது இடது. இருக்கு, அழகா இருக்கு. இது வலது. நானும் தேடுறேன், இல்ல" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நான் 'பொருந்தவில்லை'ன்னு மட்டும்தான் எழுதுவேன். வீட்டுல என்ன சொல்றதுங்கிறது உங்க இஷ்டம்" என்றார். "உண்மையச் சொன்னா நம்ப மாட்டாங்க சார், நான் அப்படிப்பட்ட ஆளு" என்றேன். சிரித்தார். அப்புறம் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, வெளியே அத்தனை பேர் காத்திருந்தும், எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இல்லாதத யாராலும் கொடுக்க முடியாது தம்பி. கொடுக்கணும்னு வந்தீங்க பாருங்க, அத நான் பாத்தேன்" என்றார்.

ஒன்று இல்லை என்பதற்காக அழவில்லை மாமா. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அக்காவுக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன், போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. அதற்குத்தான் அழுதேன்.

ஸ்கேன் பிரதியை உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். எடுத்தும் வைத்தேன். ஆனால் நீங்கள் 'அவர்களுக்கு' என்று எழுதியிருந்தீர்களே, அது உள்ளே போய்க் குத்திவிட்டது. சொந்த மாமாவுக்கு அத்தாட்சி காட்டியா நிரூபிக்க வேண்டும் என்று ரோஷம். அக்காவிடமும் சொல்லவில்லை, உங்களுக்குள் சண்டை வரும் என்று. போகட்டும், விடுங்கள். பதிலுக்கு ஒரு மாதம் உங்கள் செலவில் சாப்பிடப் போகிறேன்.

அடுத்த லாரியில் வருகிறேன். ஃபோர்மேன் லீவு தர மாட்டேன் என்றார். அவரை அப்படியே அலாக்காகத் தூக்கி லாரிக் கூரைமேல் உட்கார வைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறக்கினேன். சமையல்காரர் பார்த்தார், சர்வேக்காரர் பார்த்தார், லாரி டிரைவரும் பார்த்தார்.

வந்துகொண்டே இருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

*

செப்டம்பர் 2, ஆஸ்பத்திரி வராந்தா

அக்கா,

கண் விழித்துவிட்டாய் என்று நர்ஸம்மா சொன்னார். கிருமி வந்துவிடும் என்று என்னை உள்ளே விட மாட்டார்களாம், அதனால் இந்தத் துண்டுக் காகிதம். வலிக்கிறதா? தாகமாக இருக்கிறதா?

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரம்மா இடையிடையே வெளியே வந்தார். முதலில், "உங்க மாமாவுக்கு எடுத்தாச்சு, நல்லா இருக்காரு" என்றார். அடுத்த தடவை, "அக்காவுக்கு வச்சுக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் நேரமாகும், நேரமாகுதுன்னு பயந்துடாதீங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனாரா, நான் பயப்படாமல் பயந்துகொண்டிருந்தேன். அந்த இன்னொரு வீட்டுக்காக ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "ரத்தம் விட்டதும் கிட்னி அப்படியே ரோஸா நிறம் மாறிச்சு. வேலை செய்ய ஆரம்பிச்சு மேஜையிலயே மூத்திரம் வந்துடுச்சு" என்றார். அந்த வீட்டுக்காரருக்கும் வந்துவிட்டதாம். அக்கா, மூத்திரம் வந்தது என்று கேட்டு யாராவது அழுவார்களா? நானும் அந்தப் பெரியம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

மாமா நலம். மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக, "இந்தக் கட்டில ஏத்தி இறக்குற மோட்டார் சத்தம் சரியில்ல" என்றாராம். ஆகையால் கவலையில்லை.

நான் இங்கேயேதான் இருக்கிறேன். எங்கேயும் போகவில்லை.

தம்பி

*

செப்டம்பர் 5

டேய் தம்பி,

நலம்டா. தையல் இழுக்கிறது, மற்றபடி நலம். இன்றைக்கு மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள். நானாகவே எழுந்து நடந்து பாத்ரூமுக்குப் போனேன். நின்றே போயிருந்த மூத்திரம், எத்தனை மாதத்துக்குப் பிறகு! உள்ளே உட்கார்ந்துகொண்டு மகாராணி மாதிரி வெளியே வர மனசில்லாமல் இருந்தேன். நர்ஸம்மா கதவைத் தட்டி, "எல்லாம் சரியாம்மா?" என்றார். "போய்க்கிட்டே இருக்கு!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா வந்து உட்கார்ந்து பேசினார். ஆயுசு முழுக்க மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இந்தக் கிட்னி பல வருஷம் ஓடலாம், நடுவில் தகராறும் பண்ணலாம், பண்ணினால் அப்போது பார்த்துக்கொள்வோம் என்றார். எனக்குக் கிட்னி கொடுத்த அந்த அம்மாவும் எழுந்து நடக்கிறார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். இரண்டு பேரும் ஆட்டிக்கொண்டே நின்றோம்.

உன்னைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "என் தம்பிக்கு ஒண்ணுதான் இருக்கு. சுரங்கத்துல வேலை. ஏதாவது ஆயிடுமா?" என்றேன். "அவரே வந்து எங்கிட்ட கேக்கட்டும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசறேன்" என்றார். நாளைக்கே போய்ப் பேசு. எனக்குக் கொடுக்க உன்னிடம் ஒன்றுமில்லை என்று மாமாவிடம் புலம்பினாயாமே. நான் உள்ளே படுத்திருந்தபோது, வெளியில் நீ இருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான்டா கண்ணை மூடினேன். அது என்ன கணக்கில் சேராதா?

இதை எழுதும்போது நர்ஸம்மாவிடம் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். வராந்தா பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு பட்டப்பகலில் தூங்குகிறாயாம். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுந்ததும் இதைக் கையில் கொடுப்பார்.

படுத்துக்கொண்டே ஒன்று யோசித்தேன். உனக்குப் பிறவியிலேயே ஒன்று. மாமாவுக்கு இப்போது மிச்சம் இருப்பது ஒன்று. எனக்கு ஓடுவது ஒன்று. நம் வீட்டில் இனி ஆளுக்கு ஒன்றுதான்டா. பார்த்துப் புழங்குவோம், மூன்று பேரும்.

அக்கா